ஒத்தவாலா

பத்தாயிரம் வாலா, ஐயாயிரம் வாலா
விற்ற பந்தலுக்குப் பின்னால் கிடைத்தவன்.
இவனுக்கு இருந்தது ஒரே வால்,
அதுவும் வயிற்றுக்குள் மடிந்து.
பசங்கள் அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

கழுத்தில் சிவப்புப் பட்டை,
அறுந்த சங்கிலியில் மிச்சம் நாலு கண்ணி.
யாரோ நம்பியிருக்கிறார்கள்
சங்கிலியை.
டீக்கடைச் சுவரில் போட்டோ ஒட்டினேன்.
மூன்று வருஷம். யாரும் வரவில்லை.
பட்டையை மட்டும் மாற்ற மனசு வரவில்லை.

காசிமேட்டில் வெடிக்குத் தீபாவளி வேண்டாம்.
சாவு ஊர்வலம் போனால் வெடி,
புதுப் படகு இறக்கினால் வெடி,
கேரம் கோப்பையைத் தூக்கி வந்தால்
இரண்டு தெருவுக்கு வெடி.
அரசாங்கம் சொன்ன நேரம்
காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி.
எங்கள் தெரு அந்தச் செய்தியைப் படிக்கவில்லை.

முதல் வருஷம் தெரியாமல்
இறுக்கிக் கட்டிப்பிடித்தேன்.
கடித்துவிட்டான்.
ஸ்டான்லியில் வரிசையில் நின்று ஊசி.
"வெறிநாயா?" என்றாள் நர்ஸ்.
"இல்லை, லட்சுமி வெடி" என்றேன்.
அடுத்த வருஷம் கக்கூஸில்,
வாளிக்கும் சுவருக்கும் நடுவில்,
விடியும்வரை நடுங்கினான்.
நான் வெளியே கதவோரம் உட்கார்ந்து
மளிகைச் சீட்டைச் சத்தமாக வாசித்தேன்.
துவரம்பருப்பு அரை கிலோ. புளி கால் கிலோ.
வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இந்த வருஷம் நாலு மணிக்கே
நடத்திக் கூட்டிவந்தேன்.
பட்டையில் கரைந்துபோன என் நம்பரை
மார்க்கரால் மறுபடி எழுதினேன்.
மொட்டை மாடியில் இம்தியாஸ்
புறாக்கூண்டுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான்.
"பதினோரு மணி நேரம் மேலே நின்னு
ஜெயிச்சதுக்கா இது.
ஒரு ராக்கெட்டு போதும், நெஞ்சு வெடிச்சிரும்."
சணல் சாக்கு இரண்டு அவனிடமே வாங்கினேன்.

பிறகு நடந்தோம், நானும் ஒத்தவாலாவும்,
துறைமுகச் சுவர் ஓரமாக
ஐஸ் கம்பெனிக்கு.
சவரிராஜுக்கு இன்றும் இரவு ஷிப்ட்.
படகெல்லாம் கட்டிக் கிடக்கின்றன,
ஐஸ் வாங்க ஆளில்லை,
ஆனாலும் கம்ப்ரசர் நிற்கக் கூடாது.
போன ஆடியில் சோறு கொண்டுவந்தபோது பார்த்தேன்:
அந்தக் கடகட சத்தத்துக்குப் பக்கத்தில்
இவன் குறட்டை விட்டான்.
அமோனியா நெடி ஆகாது,
அதனால் சுவருக்கு இந்தப் பக்கம்,
சாக்கு விரித்து, தண்ணீர் வைத்து,
கேட்டில் தாழ்ப்பாள் போட்டு.

ஏழு மணி. எட்டு. ஒன்பது.
வெளியே வானம் கிழிந்துகொண்டிருந்தது.
உள்ளே கடகட, கடகட.
ஒரு காது மட்டும் அவ்வப்போது நிமிர்ந்தது.
தூக்குவாளியைத் திறந்து
இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டோம்.

ஒன்பது நாற்பதுக்குக் கரண்ட் போனது.

இருட்டு பெரிதில்லை.
சத்தம் நின்றதுதான்.
நின்ற இடத்தில் ஊரே வந்து வெடித்தது.
எழுந்துவிட்டான். நகம் சிமெண்டில் சறுக்க
கேட்டை நோக்கி இழுத்தான்.
பட்டையைப் பிடித்திருந்தேன்.
மூன்று வருஷத்துக்கு முன்
யாரோ ஒருவர் கையிலும்
இப்படித்தான் இழுத்திருப்பான்.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து
கடகட, கடகட.
சவரிராஜ்.
வாயால்.
பத்தொன்பது வருஷம் அந்த மெஷினோடு இருந்தவர்,
நடுவில் அது விக்குகிற இடம்கூடத் தப்பவில்லை.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு
நானும் சேர்ந்தேன், தாளம் பிசகி.

இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது.
நடுக்கம் போகவில்லை.
திரும்பி வந்து
என் பாதத்தின் மேல் தாடையை வைத்தான்,
ஈரமாக, கனமாக.

கரண்ட் வந்து
மோட்டார் முனகி, பிடித்து, ஓடத் தொடங்கியது.
சவரிராஜ் அதை நம்பாதவர்போல
இன்னும் கொஞ்ச நேரம்
கடகட, கடகட.